மருதாசலத்தின் சட்டைப்பை

1
இந்தக் கதை எனக்கு ஓசியில் வந்தது. சனிக்கிழமை மாலை பக்கத்து குவார்ட்டர்ஸ் இந்து வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாள். கதை சொல்ல அவள் வரவில்லை. நான் வெடிமருந்து ஆலை ஆஸ்பத்திரியில் கிளார்க், அதனால் வந்தாள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஞாயிறு முழுக்க நான் செய்தது, எழுதியதுதான்.

2
முதல் தொடக்கம்: ‘குன்னூர் மலையில் மூடுபனி இறங்குவதுபோல மருதாசலத்தின் மூளைக்குள்...’

[அடித்துவிட்டேன். நீலகிரிக் கதை என்றாலே பனியை இழுத்துக்கொண்டு வருகிற புத்தி.]

இரண்டாம் தொடக்கம்: இந்து தினமும் காலையில் ஆலைக்கு வேலைக்குக் கிளம்பும் புருஷன் மருதாசலத்தைச் சோதனை போடுகிறாள். சட்டைப்பை, ஸ்வெட்டர், டிபன் பை. ஆலை கேட்டிலும் சோதனை உண்டு. ஒரு தீக்குச்சி அகப்பட்டாலும் வேலை போய்விடும். இருபத்திரண்டு வருடம் அவன் பையில் கைக்குட்டையைத் தவிர எதுவும் அகப்பட்டதில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் கொரோனா வந்து பதினோரு நாள் ஆக்சிஜனில் கிடந்தான். பிழைத்து வந்தான், ஆனால் முழுசாக வரவில்லை. பேச்சின் நடுவே சொல் நழுவுகிறது. அடுப்பில் வெந்நீர் வைத்ததை மறக்கிறான். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே அழுகிறான். கோயமுத்தூர் டாக்டர், இது கொரோனாவின் மிச்சம், சிலருக்கு மூளையையே தொட்டுவிடுகிறது என்றாராம்.*

* ‘தொட்டுவிடுகிறது’ டாக்டரின் சொல். மாற்றிப் பார்த்தேன். வேறெதுவும் பொருந்தவில்லை.

3
வெள்ளிக்கிழமை கேட் காவலர் வடிவேல் வீட்டுக்கே வந்து ஒரு தீப்பெட்டியை இந்துவிடம் கொடுத்தார். காலையில் சாமி விளக்கை ஏற்றிய மருதாசலம் அதை ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். அன்று காய்ச்சலில் கிடந்ததால் இந்து அவனைச் சோதிக்கவில்லை.

“இன்னைக்கு கேட்டுல நான் இருந்தேனுங்கக்கா. திங்கக்கெழமை வேற ஆளுங்க.”

தீப்பெட்டியையாவது கேட்டில் பிடித்துவிடலாம். மறதியை எந்தப் பையில் தேடுவது? அவன் வெடிமருந்து கலக்கும் கொட்டகையில் இன்னும் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஆலை டாக்டரிடம் சொன்னால் அங்கிருந்து அவனை எடுத்துவிடுவார்கள். இந்து ஒருமுறை ஜாடையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். “அதும் போச்சுன்னா நான் எதுக்கு இருக்கோணும்?” என்றானாம். இதைச் சொன்னபோது அவள் குரல் மாறவே இல்லை.

“என்னால டாக்டர்கிட்டச் சொல்ல முடியாதுங்கண்ணா. நீங்க சொல்றதுன்னா சொல்லிருங்க. எங்கிட்ட மட்டும் கேக்காதீங்க.”

4
முடிவு அ: சொல்லிவிடுகிறேன். டாக்டர் அவனை ஸ்டோருக்கு மாற்றுகிறார். சிகிச்சை கிடைக்கிறது, தேறுகிறான். [எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் நடக்கக்கூடாதா என்ன?]

முடிவு ஆ: நான் வாயைத் திறக்கவில்லை. ‘காலை ஒன்பது இருபதுக்கு அரவேணு ஊர் வரை கேட்ட அந்த...’ [பன்னிரண்டு பேரில் எட்டுப் பேரை எனக்குப் பெயரோடு தெரியும்.]

முடிவு இ: சொல்லிவிடுகிறேன். மறுநாள் விடிந்தபோது குளியலறைக் கதவு

[இதை எழுத மாட்டேன்.]

5
திங்கள் காலை. அவர்கள் வீட்டு வாசலில் மருதாசலம் நிற்கிறான். இந்து அவன் பைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விட்டாள்.

“போலாங்களாண்ணா? இன்னைக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதுங்க” என்கிறான். சந்தோஷமாகத்தான் சொல்கிறான்.

ஆலை டாக்டர் எட்டரைக்கு வருவார். ஆலைக்கு இருபது நிமிட நடை, தினமும் சேர்ந்துதான் போகிறோம். வழி முழுக்க இவன் என்னோடு பேசிக்கொண்டே வருவான். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

கதைக்காகக் கேட்கவில்லை.