சம்பந்தி ஏறிய கப்பல்

நூலேணியில் மூச்சு வாங்க ஏறி வந்த பைலட்டைப் பார்த்ததும் கேப்டன் அவசரமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். துறைமுகத்தில் எத்தனையோ பைலட்டுகள் இருக்க, இன்றைக்கு வழிகாட்ட வந்தவர் வருங்காலச் சம்பந்தி. மகளுக்கு அவர் பையனைத்தான் பேசி முடித்திருந்தார்கள்.

கேப்டனின் வாய் ஊரறிந்த வாய். அந்த வாயால் ஏற்கெனவே ஒரு சம்பந்தம் முறிந்திருந்தது. அதனால் இந்த முறை மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், எதைக் கேட்டாலும் தலையாட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்று. மனுஷரும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு சம்பந்தம் பேசப் போனார். பேச்சுவாக்கில் சம்பந்தி, "கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணு வேலைக்குப் போகணுமா?" என்றதற்குக்கூட, "உங்க இஷ்டம்" என்று தலையாட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து மகள் அவரோடு பேசுவதில்லை. சாப்பாடு வேண்டுமா என்பதைக்கூட அம்மா மூலம்தான் கேட்கிறாள். அது அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

துறைமுகத்துக்குள் நுழையும்போது நடைமுறை ஒன்றுதான். அந்தத் தண்ணீரின் ஆழமும் திருப்பமும் தெரிந்த பைலட் திசை சொல்வார்; போர்ட் என்றால் இடப்பக்கம், ஸ்டார்போர்டு என்றால் வலப்பக்கம், கூடவே எத்தனை டிகிரி என்று. சக்கரத்தைப் பிடித்திருக்கும் சுக்கான்காரர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்புவார். ஆனாலும் கப்பலுக்குப் பொறுப்பு கேப்டன்தான்; தப்பு நடந்தால் தடுக்க வேண்டியதும் அவர்தான். இதில் மரியாதைக்கு இடமே கிடையாது. பெண் எடுப்பவரும் கொடுப்பவரும் ஒரே அறையில் நிற்கும்போது மரியாதையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"போர்ட் பத்து போகலாமா சம்பந்தி?" என்றார் பைலட்.

"உங்க இஷ்டம் சம்பந்தி" என்றார் கேப்டன்.

சுக்கான்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இது உத்தரவா உபசாரமா என்று புரியாமல், பொதுவாகச் சக்கரத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைத்தார். அடுத்த தடவையும் அப்படியே ஒப்பேற்றினார். பெரிய மனிதர்கள் இருவரும் பந்தியில் ஒருவருக்கொருவர் இலையை நகர்த்திவிடுவதுபோல் கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

கால்வாய் வலப்பக்கம் வளையும் இடம் வந்தது. காற்று கப்பலை இடப்பக்கம் தள்ளியது. அங்கேதான் மணல்திட்டைக் காட்டும் சிவப்பு மிதவை ஆடிக்கொண்டிருந்தது.

"ஸ்டார்போர்டு இருபது போனா தேவலைன்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சுக்கான்காரர் அசையவில்லை. யாரும் எதையும் சொன்னதாக அவருக்குப் படவில்லை. மிதவை நெருங்கியது. அதன் மேல் உட்கார்ந்திருந்த பறவை எழுந்து பறந்ததைக் கேப்டன் பார்த்தார். மனைவி போட்ட பூட்டு அத்தோடு தெறித்தது.

"ஸ்டார்போர்டு இருபது!"

"ஸ்டார்போர்டு இருபது" என்று நிம்மதியாகச் சொல்லிச் சக்கரத்தைச் சுழற்றினார் சுக்கான்காரர். கப்பல் யோசித்து, முனகி, மெல்லத் திரும்பியது. மிதவை பக்கவாட்டில் உரசாத குறையாகப் பின்னால் போனது.

கேப்டன் பைலட் பக்கம் திரும்பினார். "பைலட், இது என் கப்பல். இங்க எனக்கு உத்தரவு வேணும், உங்க அபிப்பிராயம் வேணாம். முடியலைன்னா சொல்லுங்க, நானே பாத்துக்கிறேன்."

பைலட்டின் முகம் சிவந்தது. அதற்குப் பிறகு அவர் வாயில் சம்பந்தி என்ற சொல்லே வரவில்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டாக உத்தரவுகள் விழுந்தன. இழுவைப் படகுகள் வந்து ஒட்டின. கப்பல் சாதுவாகக் கரையில் அணைந்தது. கப்பல் கரை சேர்ந்தது, கல்யாணம் கவிழ்ந்தது என்று நினைத்துக்கொண்டார் கேப்டன். அழுகை வரும்போல் இருந்தது.

பைலட் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எப்படியும் கெட்டாயிற்று, சொல்லாமல் விட்டதையும் சொல்லித் தொலைப்போம் என்று கேப்டன் வழியை மறித்தார்.

"என் பொண்ணு வேலைய விடமாட்டா. அன்னைக்கு நான் தலையாட்டினது தப்பு."

பைலட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "விடச் சொன்னது யாரு? நான் தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். நீங்கதான் 'உங்க இஷ்டம்'னீங்க. பெத்தவரே இப்படிச் சொல்றாரேன்னு என் பையன் அன்னையிலேருந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கான். கேட்டதுக்கெல்லாம் தலையாட்டுறவர் வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்குறதுன்னு எங்களுக்கும் யோசனைதான்."

"இப்போ?"

"இப்போ பயமா இருக்கு" என்று சிரித்தார் பைலட். "ஆனா யோசனை இல்ல. கீழே போகலாமா சம்பந்தி?"

"இது கேள்வியா, உத்தரவா?"

"உத்தரவுதான். அதுக்கு முன்னாடி பொண்ணுக்கு ஒரு போன் போடுங்க."

கேப்டன் போட்டார். மகள் எடுத்தாள். அவர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சாப்டீங்களாப்பா?" என்றாள், அம்மா மூலமாக இல்லாமல்.