மூடியைத் திறக்காத டயானா

நைனார்பாளையத்தில் டயானா முதன்முறை குஞ்சு பொரிக்க இன்குபேட்டரில் வைத்த கோழிமுட்டைகளில் பாதிக்கு மேல் வீணாயின. ஓட்டைக் கொத்தத் தொடங்கிய குஞ்சுகள், ஓட்டின் உள்தோல் காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொண்டதால் வெளியே வர முடியாமல் செத்திருந்தன. ஆசையாக அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்ததில் ஈரமெல்லாம் வெளியேறிவிட்டது என்று பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

இந்த முறை முதல் முட்டையில் கீறல் விழுந்ததுமே மூடியை இறுக்கி மூடிவிட்டாள். ஆனால் மதிய வெக்கையில் உள்ளே தட்டிலிருந்த தண்ணீர் வற்றி, உள்ளே ஈரத்தை அளக்கும் ஈரமானியின் முள் இறங்கத் தொடங்கியது.

"ஒண்ணு கத்திக்கினே இருக்குது. தொறந்து நானே ஓட்ட உரிச்சி வுட்டுடறேன்" என்றான் கணவன் லாரன்ஸ்.

"வாணாங்க. அது ஒண்ணுக்காகத் தொறந்தா மத்ததெல்லாம் உள்ளயே மாட்டிக்கும்."

"அப்ப இன்னாதான் பண்ணப் போற?"

டயானா மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் காற்றுத் துளை வழியாக நுழைத்தாள். அது வழுக்கி வழுக்கி முட்டைகளின் பக்கமே போனது. கை வலித்தும் விடாமல் திருப்பித் திருப்பித் தள்ளி, நுனியைத் தட்டில் இறக்கினாள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினாள். மூடியின் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. முள் மேலேறியது.

கத்திக்கொண்டிருந்த குஞ்சு சாயங்காலம்வரை வரவில்லை. லாரன்ஸ் மூடியருகே கையைக் கொண்டுபோன போதெல்லாம் அவள் விலக்கினாள். கடைசியில் ஓடு இரண்டாகப் பிளந்து, நனைந்த குஞ்சு வெளியே சரிந்தது.

"எடுக்கட்டுமா?" என்றான்.

"மத்ததும் வரட்டுங்க" என்றாள் டயானா.