படி தாண்டாதவனுக்குக் கொழுக்கட்டை

கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து விஜயம் பெற்ற பிள்ளை அனந்து. அவன் கால் தரையில் பட்டதை ஸ்ரீவராகத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அம்மாவின் இடுப்பில் இல்லாவிட்டால் அப்பா பட்டாபியின் தோளில் இருப்பான். வீட்டு நடுவே வானம் பார்த்துத் திறந்த மித்தம். அதில் இறங்கக் கருங்கல் படிகள். அந்தப் படிகளுக்குப் பயந்தே விஜயம் அவனைக் கீழே விடுவதில்லை.

பத்து மாதமாகியும் அவன் தவழவில்லை. ஆனால் பயமென்பதே இல்லை. கிணற்றுக்கு மேலே தூக்கிக் காட்டினால் உள்ளே பார்த்துச் சிரிப்பான். சிங்கக்குட்டி என்று பட்டாபி ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

பிள்ளை தவழ்ந்து முதல்முதலாக ஒரு படி தாண்டினால் கொழுக்கட்டை செய்து தெருவுக்கே கொடுப்பது அங்கே வழக்கம். பக்கத்து வீட்டுச் சுப்புலக்ஷ்மி மாமி காத்துக் காத்துப் பார்த்து, "இடுப்பை விட்டு எறக்காம வெச்சுண்டா, அவன் எப்படிப் படி தாண்டுவனாக்கும்?" என்று கேட்டேவிட்டாள். விஜயம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கர்க்கடக மாதத்து அடைமழையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து அவள் மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு பிள்ளையைத் தூக்க முடியுமா? மனமில்லாமல் கூடத்தில் இறக்கிவிட்டாள். முதலில் அழுதான். பிறகு வயிற்றால் நகர்ந்தான். கட்டு அவிழ்வதற்குள் தவழ்ந்து வீட்டையே ஒரு வழி பண்ணினான். முன்பு கண்ணுக்கு மறைந்ததை அத்தோடு மறந்துவிடுகிறவன், இப்போது முறத்துக்கடியில் ஒளித்த கரண்டியைத் தேடி எடுத்தான்.

ஆனால் கிணற்றுக்கு மேலே தூக்கிக் காட்டியபோது அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீரிட்டான். பட்டாபியின் முகம் விழுந்துவிட்டது. யார் கண் பட்டதோ என்று விஜயம் மிளகாய் சுற்றிப் போட்டாள்.

மறுநாள் அவள் அடுக்களையிலிருந்து வெளியே வந்தபோது, மித்தத்தின் எதிர்ப்பக்கம், நனைந்த படியின் விளிம்பில் அனந்து இருந்தான். ஓடினாலும் எட்டாது. கத்தினால் மிரண்டு விழுவான். அவள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

அவனும் தவழ்வதை நிறுத்தினான். ஒரு கையைக் கீழே நீட்டிப் பார்த்து இழுத்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்து அம்மாவின் முகத்தைத் தேடினான். போகட்டுமா என்று கேட்கிற பார்வை. இடுப்பில் இருந்தவரை அவனுக்குக் கேட்க எதுவுமே இருந்ததில்லை.

விஜயம் வேண்டாமென்று மெல்லத் தலையசைத்தாள். பிள்ளை பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டான். சுற்றி ஓடிவந்து ஒற்றைக் கையால் அவனை அணைத்துக்கொண்டு அழுதாள். பயம் வந்தது கண்ணேறு அல்ல, அறிவு என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் மாவிடிக்க மாமியைக் கூப்பிடப் போனாள். படி தாண்டிவிட்டானா என்று மாமி பரபரத்தாள்.

"தாண்டலை மாமி. படி வரைக்கும் வந்துட்டு, என் முகத்தைப் பார்த்தான். அதுக்குத்தான் கொழுக்கட்டை."