நியாயமான பாவனை

ஒட்டுசுட்டான் தவராசாவுக்கு அறுபது வயதுக்கு மேல் ஒரு சொல்லின்மீது பிரியம் வந்தது. அந்தச் சொல் ‘அன்லிமிட்டட்’. அவர் அதை ‘அன்லிமிட்’ என்று பாதியிலேயே விட்டுவிடுவார். அப்படிப்பட்ட சொல்லுக்கு முடிவு வைக்காமல் விடுவதும் பொருத்தம்தான் என்று அவருடைய மனைவி சிவனேஸ்வரி நினைத்துக்கொள்வாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு யானை. முத்தையன்கட்டு வாய்க்கால் தண்ணீரில் விளையும் அவர்களுடைய வயல் காட்டை ஒட்டியிருந்தது. கதிர் முற்றத் தொடங்கினால் பின்னேரங்களில் தனியன் யானை ஒன்று வந்துவிடும். காவல் கொட்டிலில் குந்திக் குந்தித் தவராசாவின் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். போன போகத்தில், பூவரசங்குளத்தில் ஒரு கலியாணம் என்று ஒரேயொரு நாள் காவலை விட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால், அவர் கலியாண வீட்டில் சாப்பிட்டதைவிட யானை நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது.

இதைக் கேள்விப்பட்ட சிவனேஸ்வரியின் தங்கை அருந்ததி, கனடாவிலிருந்து ஒரு கமரா அனுப்பினாள். வெயிலில் தானாகவே சார்ஜ் ஏறும். உள்ளே ஒரு சிம்மைப் போட்டால் வயலில் நடப்பதை வீட்டில் இருந்தபடி போனில் பார்க்கலாம். வீடியோவில் வந்து எதை அமத்துவது, எதைத் திறப்பது என்று அத்தானுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். தன்னுடைய போனிலும் படம் வருகிறதா என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டாள்.

சிம்முக்கு எந்தப் பக்கேஜ் போடுவது என்று சந்திக் கடையில் கேட்டபோதுதான் தவராசாவுக்கு அந்தச் சொல் அறிமுகமானது. பெரிய சிவப்பு எழுத்தில் தொங்கிய விளம்பரத் தாளை அவர் அண்ணாந்து பார்த்தார். வாழ்நாள் முழுவதும் அவருக்குக் கிடைத்ததெல்லாம் அளவோடுதான் கிடைத்தது. வாய்க்கால் தண்ணீருக்கு முறை, உரத்துக்கு அளவு, வெளிநாட்டு மச்சாளின் பொதியில் வரும் சொக்லேட்டுக்குக்கூட ஆளுக்கு இத்தனை என்று கணக்கு. அளவே இல்லாத ஒன்றைக் கடையில் விற்கிறார்கள் என்றால் வாங்காமல் வரலாமா?

கமராவை வரம்போரத்து மருத மரத்தில் கட்டினார். அன்றிலிருந்து பின்னேரங்களில் முற்றத்துக் கதிரையில் சாய்ந்து, தேத்தண்ணியைக் குடித்தபடி தன் வயலைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். படலையால் போகிறவர்களையும் கூப்பிட்டுக் காட்டுவார்.

“இது எந்த நேரமும் ஓடும். அன்லிமிட்,” என்பார்.

ஒருநாள் பொழுதுபடும் மம்மலில் தனியன் காட்டோரம் தலையைக் காட்டியதும் போனில் தெரிந்துவிட்டது. அவர் மோட்டார் சைக்கிளில் போய் யானைவெடி கொளுத்திப் போட, யானை வந்த வழியே திரும்பியது. அதற்குப் பிறகு ஒரு கிழமைக்குச் சிவனேஸ்வரியால் அந்த வீட்டில் வேறு கதை கதைக்க முடியவில்லை.

மாதம் முடியும் தறுவாயில் படம் திக்கத் தொடங்கியது. நெல் ஆடும், நிற்கும், பிறகு ஒரேயடியாக வளைந்து நிமிரும். தவராசா அதைக் காற்றின் குற்றம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு பின்னேரம் அவர் போனைப் பார்த்தபடி, “இஞ்சை வந்து பாரன், எவ்வளவு பொறுமையான கொக்கு,” என்று சிவனேஸ்வரியைக் கூப்பிட்டார்.

அவள் எட்டிப் பார்த்தாள். வரம்பில் ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றது.

“நான் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கேக்கையும் இப்பிடித்தான் நிண்டது. மீன் வருமட்டும் அசையாது. எங்கட பிள்ளையளுக்கு இந்தக் குணம் வரேல்லை பார்.”

அவள் குசினிக்குத் திரும்பி அடுப்பை மூட்டியிருக்கமாட்டாள், பக்கத்து வயல்காரர் நல்லதம்பி சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

“அண்ணை, உங்கட வயலுக்கை யானை நிக்குது.”

தவராசா பதறவில்லை. போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். “இல்லைத் தம்பி. கொக்குத்தான் நிக்குது.”

நல்லதம்பி போனைப் பார்த்தார். தவராசாவைப் பார்த்தார். “அண்ணை, நான் அதைக் கண்ணாலை பாத்திட்டு வாறன்.”

வெடியோடு இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மூலைத் துண்டில் பாதி சேறும் மிதியுமாகக் கிடந்தது. யானை அவசரமில்லாமல் காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வரம்பில் கொக்கைக் காணவில்லை. போனில் மட்டும் அது இன்னமும் காலைத் தூக்கியபடி நின்றது.

அடுத்த நாள் காலை கணவனும் மனைவியும் பஸ்ஸில் வவுனியாவில் இருந்த சிம் கொம்பனிக் கடைக்குப் போனார்கள். தவராசா கோயிலுக்குப் போவதுபோல வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். நியாயம் கேட்கப் போகிறவனுக்கு உடுப்பு முக்கியம் என்பது அவருடைய எண்ணம். வழி நெடுகத் தான் கேட்கப்போகிற கேள்விகளைச் சிவனேஸ்வரிக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். புளியங்குளத்தில் அவள் கண்ணயர்ந்தபோதும் அவர் நிறுத்தவில்லை.

கொம்பனிக் கடையில் குளிரூட்டி போட்டிருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் லக்சிகா என்று சட்டையில் பெயர் குத்திய பெண்பிள்ளை இருந்தாள்.

“அன்லிமிட் எண்டா என்ன பிள்ளை?” என்று தவராசா தொடங்கினார், பாடம் கேட்கும் வாத்தியார்போல.

“அளவில்லாதது ஐயா.”

“அப்ப என்ர கமரா ஏன் கொக்கோடை நிண்டது?”

லக்சிகா விழித்தாள். சிவனேஸ்வரி நடந்ததை முதலில் இருந்து சொன்னாள். கொக்கின் இடம் வந்தபோது லக்சிகா மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“டேட்டாவுக்கு அளவில்லை ஐயா. ஆனா ஒரு அளவுக்கு மேல போனா வேகத்தைக் குறைப்பினம். நிப்பாட்டமாட்டினம்.”

“அளவில்லை எண்டுறீர். பிறகு ஒரு அளவுக்கு மேல எண்டுறீர்.”

“அதுக்குப் பேர் ‘ஃபெயார் யூசேஜ்’, நியாயமான பாவனை ஐயா.”

“ஆருக்கு நியாயம்?”

“அதே டவரிலை இருக்கிற மற்ற ஆக்களுக்கு. ஒராளே முழுக்க இழுத்தா, பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர ஒன்லைன் வகுப்பு நிண்டிடும்.”

“அப்பிடியெண்டா அளவு இருக்குதெண்டு சொல்லியே வித்திருக்கலாமே.”

“சொல்லியிருக்குது ஐயா.” அவள் விளம்பரத் தாளை எடுத்து, அடியில் விரலை வைத்தாள். தவராசா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார், தாளைக் கை நீட்டித் தூரப் பிடித்தும் பார்த்தார்.

“நான் இதை அச்சடிச்ச இடத்து அழுக்கெண்டெல்லோ நினைச்சன்.”

லக்சிகா குரலைத் தணித்தாள். “எழுத்தைப் பெருப்பிக்கிறது என்ர கையிலை இல்லை ஐயா. நானும் வேலைக்கு வந்த புதிசிலை கேட்டனான்.”

அந்தப் பிள்ளைமேல் கோபப்பட முடியவில்லையே என்பதுதான் தவராசாவுக்குக் கோபமாக இருந்தது. பஸ்ஸில் ஆயத்தப்படுத்திய கேள்விகளில் பாதி அப்படியே கிடந்தன.

“ஆனா ஐயா, நீங்கள் பாவிச்சதும் கொஞ்சநஞ்சமில்லை,” என்று அவள் கணினியைப் பார்த்துச் சொன்னாள். “லொட்ஜ் நடத்திற ஆக்கள்கூட இவ்வளவு இழுக்கிறேல்லை.”

தவராசா தன்னையறியாமல் நிமிர்ந்து இருந்தார்.

“எத்தினை பேர் கமராவைப் பாக்கிறீங்கள்? பாக்கிற ஒவ்வொராளுக்கும் அது புறம்பா டேட்டா இழுக்கும்.”

“நான் மட்டுந்தான். அதுவும் பின்னேரத்திலை.”

“இதிலை பகல் முழுக்க ஓடியிருக்குதே ஐயா.”

சிவனேஸ்வரிக்கு அப்போதுதான் தங்கையின் ஞாபகம் வந்தது. ஆனால் கமரா அனுப்பியவளைக் கொம்பனிக்காரியின் முன்னால் காட்டிக்கொடுப்பது அவ்வளவு மரியாதையாகப் படவில்லை.

அந்த ஞாயிறு தவராசா வேலி பார்க்க வயலுக்குப் போயிருந்தார். பக்கேஜைப் புதுப்பித்ததில் படம் மறுபடி பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னேரம் அருந்ததி வீடியோவில் வந்தாள். அங்கே விடிந்து கொஞ்ச நேரம். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்து, கோப்பியும் கையுமாக இருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரளவு ரிவி ஒன்று. ரிவியில் பச்சை வயல். வயலுக்கு நடுவே ஒரு மனிதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகைச் சொறிந்தபடி நடந்து போனான்.

“அருந்ததி, உது எங்கட இவரெல்லோ?”

அருந்ததி திரும்பிப் பார்த்தாள். “ஓமக்கா, அத்தான்தான். அடிக்கடி வருவார்.”

ரிவிக்கு முன்னால் கம்பளத்தில் ஒரு கறுப்புப் பூனை குந்தியிருந்தது. தவராசாவில் அதற்கு எந்த அக்கறையும் இல்லை. அவர் படத்தைவிட்டுப் போனதும் ஒரு கொக்கு வந்து இறங்கியது. பூனையின் வால்நுனி ஆடியது.

“ரிவி எந்த நேரமும் உப்பிடித்தான் ஓடுதோ?” என்று சிவனேஸ்வரி மெல்லக் கேட்டாள்.

“இரவு முழுக்க ஓடும். நான் வேலைக்குப் போனா பெப்பர் தனிய இருந்து கத்துவான். கீழ்வீட்டுச் சனம் ஒவ்வொரு நாளும் முறைப்பாடு. பூனையை விடு, இல்லாட்டி வீட்டை விடு எண்ட நிலைமை. ஒருநாள் சும்மா உங்கட வயலைப் போட்டன். கொக்கைக் கண்டிட்டு வாயே திறக்கேல்லை. எங்களுக்கு இரவு எண்டா உங்களுக்குப் பகல்தானே. வசதியாப் போச்சு.”

சிவனேஸ்வரி வவுனியாவில் கேட்டதை எல்லாம் சொன்னாள். யானை தின்ற மூலைத் துண்டையும் சொன்னாள். அருந்ததியின் முகம் சுருங்கியது.

“அத்தான்தானே அன்லிமிட் எண்டு சொன்னவர். அளவில்லாததிலை அளவு பாக்கிறதெண்டா எப்பிடியக்கா? கமராவும் நான் அனுப்பினதுதானே.”

சொல்லிவிட்டு, வேலையால் வந்த களைப்பு என்று போனை வைத்துவிட்டாள்.

சிவனேஸ்வரிக்குச் சங்கடமாகப் போயிற்று. புருஷனிடம் சொன்னால் தங்கையைத் திட்டுவார். சொல்லாவிட்டால், மாதக் கடைசியில் மறுபடி கொக்கு நிற்கும், யானை வரும். திட்டு வாங்கிய தங்கையைச் சமாளிக்கலாம், யானையைச் சமாளிக்க முடியாது என்று முடிவுகட்டி, அவர் கால் கழுவி வந்து சாப்பிட இருந்தபோது சொன்னாள். புட்டைக் குழைத்த கை அப்படியே நின்றது.

“பூனை பாக்குதோ?”

“ஓம்.”

“எங்கட வயலையோ?”

“பெரிய ரிவியிலை.”

அவர் வெடிக்கப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். யானை தின்ற நெல்லை நினைக்கிறாரா, பூனையை நினைக்கிறாரா என்று முகத்தில் தெரியவில்லை.

“என்னைக் கண்டா என்ன செய்யும்?”

“உங்களைக் கணக்கெடுக்கேல்லை. கொக்கு வந்தாத்தான் வால் ஆட்டும்.”

“விசர்ப் பூனை,” என்றார். ஆனால் திட்டிய மாதிரி இல்லை. கை கழுவிவிட்டு, “அவளை எடு, நான் கதைக்கிறன்,” என்றார்.

அருந்ததி ஆயத்தமாக முகத்தை வைத்துக்கொண்டுதான் வந்தாள். தவராசா கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

“இஞ்சை பார் பிள்ளை. யானை பின்னேரத்திலைதான் வரும். கொக்கு விடியத்தான் கூட இறங்கும். வெயில் ஏறினா அதுவும் போயிடும். அப்ப விடிய இருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் உன்ர பூனை பாக்கட்டும். அதுக்குப் பிறகு கமரா எனக்கு. நிப்பாட்டேல்லை, குறைக்கிறன். இதுக்குப் பேர் நியாயமான பாவனை.”

“ஆருக்கு நியாயம் அத்தான்?” என்றாள் அருந்ததி.

சிவனேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தவராசா, “அதே டவரிலை இருக்கிற மற்ற ஆக்களுக்கு,” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அருந்ததியும் இறங்கி வந்தாள்.

“மத்தியானத்துக்குப் பிறகு அவன் கத்தினால்?”

“கத்தினாச் சொல்லு. கதைச்சுப் பாப்பம்.”

பெப்பர் கத்தவில்லை. வயலில் வெயில் ஏறிக் கொக்குகள் போனதும் அதுவும் சோபாவில் ஏறிச் சுருண்டுவிடுகிறதாம் என்று கொஞ்ச நாளில் அருந்ததி சொன்னாள். இந்தப் பக்கம் மாதக் கடைசியிலும் படம் ஓடியது, சற்று நொண்டியபடி. தனியன் இன்னொரு தடவை வந்தபோது தவராசாவும் நல்லதம்பியும் நேரத்துக்கே வெடியோடு போய்ச் சேர்ந்தார்கள். நெல் தப்பியது.

மெசின் வந்து வயலை வெட்டிக்கொண்டு போனபின், இனி அடுத்த விதைப்பு வரைக்கும் பக்கேஜ் தேவையில்லை என்று சிவனேஸ்வரி சொன்னாள். தவராசா ஓம் என்று தலையாட்டினார். அன்று பின்னேரம் இருவரும் சந்திக் கடைக்குச் சீனி வாங்கப் போனபோது, அவர் சிம் நம்பரைச் சொல்லி அந்தப் பக்கேஜையே திரும்பப் போடச் சொன்னார்.

“வெட்டியாச்சே அண்ணை, இனி என்னத்தைக் காவல் காக்கிறியள்?” என்றான் கடைக்காரன்.

“வெட்டின வயலுக்குத்தான் கொக்கு கூட வரும்,” என்றார் தவராசா.

கடைக்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் சிவனேஸ்வரியைப் பார்த்தான். அவள் சீனிப் பையை வாங்கிக்கொண்டு, “போடுங்கோ தம்பி, ஒராள் பாத்துக்கொண்டிருக்குது,” என்றாள்.