அண்ணன் கொடுத்த ஒயர்

தொண்ணூற்று நாலில் பார்வதமும் அவள் கணவன் மனோகரனும் வெள்ளானூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அண்ணன் கஜபதி திருநின்றவூரிலிருந்து சைக்கிள் கேரியரில் ஒயர் சுருள்களைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான்.

"தாய்வீட்டுச் சீருன்னு வச்சிக்கோ. என் ஊட்டுக்கும் போன வருஷம் இதான் போட்டேன்" என்றான்.

சுவருக்குள் குழாய் பதித்தாகிவிட்டது. ஒயர் இழுக்க வந்த எலெக்ட்ரீஷியன் துலுக்கானம் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இதுல பேரும் இல்ல, முத்திரையும் இல்ல. இப்போ எஃப்.ஆர்.னு ஒன்னு வந்துகீது. சூடாயி பத்திகினாலும் தீ மேல பரவாது. இது எப்டியோ, எனுக்குத் தெரியல."

பார்வதம் ஆவடியில் சீருடை தைக்கும் ஆலையில் வேலை பார்ப்பவள். நூல் பருத்தியா நைலானா என்ற சந்தேகம் வந்தால் அங்கே ஒரு முனையைக் கொளுத்திப் பார்ப்பார்கள். துலுக்கானத்தின் பையில் கிடந்த எஃப்.ஆர். துண்டை முதலில் கொளுத்தினாள். தீக்குச்சியை எடுத்ததும் துண்டில் பிடித்த தீ அணைந்துவிட்டது. அண்ணன் கொடுத்ததோ குச்சியை எடுத்த பிறகும் எரிந்தது. கரும்புகையோடு சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்து, விழுந்த இடத்திலும் எரிந்தது.

"வேற வாங்கிப் போட்டுக்கலாம். செவுத்துக்குள்ள இன்னா ஓடுதுன்னு மச்சானுக்குத் தெரியவா போவுது?" என்றான் மனோகரன்.

அவளுக்கும் அதுதான் சுலபமாகத் தோன்றியது. ஆனால் அன்று முழுக்க அண்ணன் வீட்டுச் சுவர்தான் மனசில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூருக்கு ரயிலேறிவிட்டாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் கஜபதியின் முகம் சுருங்கியது.

"சீரைத் திருப்பிக் குடுக்க வந்தியா?"

"இல்லண்ணா. உங்க ஊட்டுக்குள்ள இதே ஒயரு கீதேன்னுதான் வந்தேன். புள்ளைங்க தூங்கற ஊடு."

அவள் கொண்டுவந்திருந்த துண்டை வாங்கிக்கொண்டு அவன் கொல்லைப்புறம் போனான். கொளுத்திப் பிடித்தான். விரல் சுட்டபோதுதான் கீழே போட்டான். காலால் மிதித்து அணைக்க வேண்டியிருந்தது.

அண்ணி சொர்ணம் மெதுவாகச் சொன்னாள்: "கிரைண்டர் போட்டா போர்டு சுடுதுன்னு எத்தினி தபா சொன்னேன்? நீ காதுலயே வாங்கல."

கஜபதி உள்ளே போய் கிரைண்டர் இருந்த அறைக்கான ஃபியூஸைப் பிடுங்கினான். அதைக் கையில் பிடித்தபடியே திரும்பி வந்தான்.

"பார்வதம், உன் எலெக்ட்ரீஷியன் மொதல்ல இங்க வருவானா?"

"வருவான். எங்க வேலை நிக்கட்டும்."

திருநின்றவூர் வேலை இழுத்துக்கொண்டே போனது. வெள்ளானூரில் தையில் வைக்க நினைத்த கிரகப்பிரவேசத்தைச் சித்திரைக்குத் தள்ளினார்கள். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் மனோகரன் பூச்சு காயவில்லை என்று சொல்லிவைத்தான்.

பங்குனியில் கஜபதி லீவு போட்டுவிட்டு வெள்ளானூருக்கு வந்தான். ஒவ்வொரு அறையிலும் துலுக்கானம் ஒரு பக்கம் ஒயரைத் தள்ள, இவன் மறுபக்கம் நின்று இழுத்தான். சாயங்காலம் சட்டையெல்லாம் சிமெண்ட் தூசியோடு வந்து தங்கையிடம் டீ கேட்டான். பார்வதம் சர்க்கரையைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள்.