அரைச் சுற்று

புரதப் பொடி டப்பாவின் மூடியை அரைச் சுற்று தளர்த்தி, பார்வைக்கு இறுக்கமாகத் தெரியும்படி ஏந்திக்கொண்டு அவள் அறைக்குள் போனாள்.

புற்றுநோய்க்காக இரைப்பையை மொத்தமாக எடுத்ததிலிருந்து அவள் கணவர் உடம்பில் சதை நிற்கவில்லை. தொடைகள் வற்றி, முழங்கால்கள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. அவர் வேலை பார்த்த பஸ் டிப்போவில் துருவேறிய நட்டு மக்கர் பண்ணினால் "இரும்பண்ணனைக் கூப்பிடு" என்பார்கள். அந்த ஆளோடு இப்போது சட்டைப் பொத்தானே மல்லுக்கு நின்றது. நோய் ஈரலுக்கும் போய்விட்டதென்று டாக்டர் கையை விரித்த பிறகும், அவள் முட்டையைத் துண்டு துண்டாக ஊட்டுவதை விடவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியையும் விடவில்லை. அவரும் மறுத்ததில்லை.

"இதக் கொஞ்சம் தொறந்து குடுங்க. எனக்கு முடியல."

அவர் பல்லைக் கடித்து, முனகி, திறந்தார்.

"பாத்தீங்களா! தெம்பு வந்துடுச்சு."

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கி வை."

டப்பாவை வாங்க நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

"காலம் பூரா நட்டு கழட்டினவன்டி. ஏற்கெனவே கழண்டு கெடக்கறது கைக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் தொறந்தா, நீ அடுப்படியில பாட்டு முணுமுணுக்கற. கேக்க நல்லா இருந்துச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள்.

"சரி சரி, எந்திரிக்கிறேன். கை குடுக்காத."

நாற்காலிக் கையை ஊன்றினார். முதல் தடவை பாதியிலேயே விழுந்தார். அவள் பாய்ந்தாள், முறைத்தார். இரண்டாம் தடவை கால்கள் நடுநடுங்க, கூனியபடியே எழுந்து நின்றார். அவர் தன்னைவிட ஒரு தலை உயரம் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"ம். இன்னைக்கு இது போதும்."

அவர் உட்கார்ந்ததும் பொடியைக் கலக்கப் போனாள். பால் சூடாகும்போது, தன்னை அறியாமல், பாட்டு வந்தது. தம்ளரோடு திரும்பியபோது அவர் தலை தோளில் சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து, பால் ஆறும்வரை காத்திருந்தாள்.

மத்தியானம் அமரர் ஊர்தி வந்தது. அதற்குள் அவள் தம்பி அவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தான்; "அக்கா, ஒரு வாய் தண்ணியாவது குடி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். ஸ்ட்ரெச்சரோடு வந்த இருவரில் ஒருவர் அவர் தோளைப் பிடித்தார். இன்னொருவர் இடுப்புக்கு மேலே கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார்.

"அங்க பிடிக்காதீங்கப்பா" என்றாள். "தையல் போட்ட எடம். அவருக்கு இழுக்கும்."

அந்த ஆள் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சரிம்மா" என்று சொல்லி, கையை மெல்லத் தொடைக்கடியில் நகர்த்திக்கொண்டார்.