ஆள் மாறி இறைத்த எள்ளுத்தண்ணி

துஷாந்தனைப் போல ஒரு அவசரக்குடுக்கையை, வெளிநாட்டில் அவன் குடியிருக்கிற பூம்ப்ளிஸ் ஊர் முழுக்கத் தேடினாலும் பிடிக்க முடியாது. ட்ராம் நிற்க முன்னமே கதவுப் பொத்தானை அமத்துகிற ஆள். அந்த அவசரம்தான் அவனை இந்தக் கோலத்துக்குக் கொண்டுவந்து விட்டது.

மனுசி டிலக்ஷிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே அழிந்து போய்விட்டன. மூன்றாவது இப்போது ஆறாம் மாதத்தில் நிற்கிறது. இதுக்கும் ஏதும் நடந்தால் அவள் தாங்கமாட்டாள் என்று துஷாந்தனுக்கு எந்நேரமும் நெஞ்சிடி. சாத்திரம் பார்த்தவர் ஒரே போடாய்ப் போட்டார்: "பிதிர்தோஷம் தம்பி. உம்மடை பூட்டனுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை."

எப்படிச் செய்கிறதாம்? ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கும்போது தகப்பன், தகப்பனின் தகப்பன், பூட்டன் என்று ஐயர் மூன்று தலைமுறையின் பேரையும் கேட்பார். மூன்றாவது பேருக்கு துஷாந்தன் வருசா வருசம் வாய்க்குள் முணுமுணுத்துச் சமாளித்துவிடுவான். பூட்டன் வெள்ளைக்காரன். யாழ்ப்பாணத்தில் றோட்டு வேலை பார்க்க வந்து, ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு, முதல் உலக யுத்தம் தொடங்கின வருசம் காய்ச்சலோடு கப்பலேறி, தன் ஊரிலே போய்ச் செத்தான் என்று கதை. 'தோமஸ் துரை' என்ற பேரும், இங்கிலாந்தில் ஆஷ்வெல்டன் என்ற கிராமமும் மட்டும் வீட்டில் மிஞ்சியிருந்தன.

அந்தக் கிராமத்து மாதாகோயிலின் பழைய பதிவுகளை யாரோ புண்ணியவான் இணையத்தில் ஏற்றியிருந்தான். துஷாந்தன் தேடினான். அந்த வருசம் புதைத்த தோமஸ் ஒரேயொருத்தன்தான். தோமஸ் ஹெய்ல். பேரைத் தட்டினால் முழுப் பக்கமும் படமாக வரும் என்று கீழே எழுதியிருந்தது. தட்டினானா? இல்லை. அமாவாசைக்கு நாள் கிட்டிவிட்டதாம், பேர் கிடைத்தால் போதுமாம். மாதாகோயில் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் மார்கரெட் என்ற அம்மாவுக்கு, பூட்டனின் கதையையும் எழுதி, மேல்விபரம் இருந்தால் அனுப்பச் சொல்லி ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டு, நேரே ஐயரிடம் ஓடினான்.

ஆரே ஆற்றங்கரையில் ஐயர் கேட்டபோது இந்த முறை முணுமுணுக்கவில்லை. "தோமஸ் ஹெய்ல்" என்று பலத்துச் சொல்லி, எள்ளுத் தண்ணியை இறைத்து, மனமுருகிக் கூப்பிட்டான். "வாங்கோ. என்ரை வீட்டுக்கு வாங்கோ. என்ரை பிள்ளையைக் காப்பாத்துங்கோ."

ஆடி அமாவாசைப் படையலுக்கு வைக்கிற கசப்புக் காத்தோட்டிக்காய் கிடைக்காததால் டிலக்ஷி பாகற்காயில் கறி வைத்திருந்தாள். பல்கனியில் படையலை வைத்தார்கள். காகம் வந்தது. இலையைப் பார்த்தது, வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தது, பின்வாங்கிப் பறந்துவிட்டது. கொஞ்ச நேரத்தால் போய்ப் பார்த்தால் பாயாசமும் வாழைப்பழமும் வடையும் துடைத்து வைத்தாற்போலக் காலி. பாகற்காய் வைத்தபடி கிடந்தது.

"உங்கடை பூட்டனுக்கு இனிப்பிலைதான் கண்போல" என்று டிலக்ஷி சிரித்தாள். துஷாந்தனும் சிரித்தான்.

அடுத்த நாள் பல்கனிக் கண்ணாடியில் ஈரக் கை அடையாளம் ஒன்று. வெளிப்பக்கம் துடைத்தான், போகவில்லை. அது உள்பக்கம். அவனுடைய முழங்கால் உயரத்துக்குத்தான் இருந்தது. துடைத்தால் மறுநாளும் வரும். குளியலறையில் பாசி பிடித்த குளத்து மணம். கட்டடம் பராமரிக்கிற ஹவுஸ்வார்ட்டைக் கூப்பிட்டுக் குழாயெல்லாம் பார்க்கச் சொன்னான். அந்த மனுசன் மூக்கைச் சுருக்கிவிட்டு, குழாயில் ஒரு பிழையும் இல்லை என்று போய்விட்டான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மார்கரெட்டின் பதில் வந்தது. றோட்டு வேலைக்காரத் தோமஸ் கடலிலேயே இறந்துவிட்டாராம். அவர் பேர் பிரைஸ். புதைக்க உடம்பில்லாததால் பதிவிலும் இல்லை. 'நீங்கள் கேட்ட தோமஸ் ஹெய்லுக்கு நாலு வயது. ஆலைக்குளத்தில் விழுந்து செத்துப்போன பிள்ளை. தாய் தகப்பன் யாரென்றே தெரியாது. பாவம், நூறு வருசத்துக்கு மேலாக அவனை விசாரித்த முதல் ஆள் நீங்கள்தான்.'

துஷாந்தன் டிலக்ஷியின் காதில் விழாமல் வாசலுக்கு வெளியே போய் நின்று ஐயருக்குப் போன் அடித்தான்.

"எட தம்பி, என்ன வேலை பாத்தாய்!" ஐயர் கத்தினார். "போக்கிடம் இல்லாத குழந்தையை, பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு நீயே வா எண்டு கூப்பிட்டிருக்கிறாய். கூப்பிட்ட வாயாலைதான் அனுப்பவேணும். விளக்கைக் கொளுத்தி, 'ராசா, இது உன்ரை வீடு இல்லை, போ' எண்டு சொல்லித் தண்ணியை ஊத்து. பொழுதுபட முன்னம் சொல்லு, பிறகு சொன்னாலும் போகாது."

உள்ளே போய் விளக்கை எடுத்தான். சோபாவில் இருந்த டிலக்ஷி அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். கண்ணெல்லாம் கலங்கி, முகம் பூரித்துப் போயிருந்தாள்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு நான் ஒண்டு சொல்லேல்லை. நேற்று விடியத் துவங்கி பிள்ளை அசையவே இல்லை. இதுவும் போட்டுதெண்டு நினைச்சன். ஆசுப்பத்திரிக்குப் போய் அதைக் காதாலை கேக்கப் பயத்திலை பேசாமல் இருந்திட்டன்."

"டிலக்ஷி..."

"கேளுங்கோவன். இப்ப கொஞ்சம் கண்ணயர்ந்தனான். ஒரு வெள்ளைக்காரக் குஞ்சுப் பிள்ளை, தலையெல்லாம் ஈரம். குளிருது, உள்ளுக்கை வரட்டோ எண்டு என்னைக் கேட்டுது. அவன்ரை பாஷை எனக்கு எங்காலை தெரியும்? ஆனால் விளங்கிச்சுது. ஓம் ராசா, வா எண்டன். கண் முழிக்கிறன், பிள்ளை துள்ளுது! பாருங்கோ, பாருங்கோ!"

அவன் உள்ளங்கையில் ஒரு உதை விழுந்தது. நல்ல பலமான உதை. டிலக்ஷி அழுதுகொண்டே சிரித்தாள். வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஐயர் சொல்லித் தந்த வசனம் நாக்கு நுனியில் நின்றது. பிறந்த நாள் தொடக்கம் எதுக்கும் பொறுத்தறியாத துஷாந்தன், வாயை இறுக மூடிக்கொண்டு, பொழுது படும்வரைக்கும் அப்படியே இருந்தான்.